விளையாட்டு விபத்துக்குப் பிறகு ஒரு பதின்வயது வாழ்க்கை: பிள்ளைகளும் வீட்டாரும் கேட்கும் கேள்விகள்

எனக்குப் பதினாறு வயதில் கழுத்து முறிந்தது. நீச்சல் பயிற்சி முடிந்து எல்லாரும் கரையேறிய பிறகு, கடைசியாக ஒரு தடவை என்று ஆழம் குறைந்த பக்கத்தில் தலைகீழாகப் பாய்ந்தேன். தலை தரையில் மோதியது. கழுத்தெலும்பு ஒடிந்து, அதற்குள்ளே ஓடும் தண்டுவடம் நசுங்கிவிட்டது. அன்றிலிருந்து வீல்சேர்தான். பிறகு பல ஆண்டுகளாக, என்னைப் போல அடிபட்ட பிள்ளைகளையும் அவர்களின் வீட்டாரையும் மறுவாழ்வுப் பிரிவுகளில் சந்தித்துப் பேசிவருகிறேன். ஒருவர் ஜிம்னாஸ்டிக்ஸில் விழுந்திருப்பார், இன்னொருவர் ரக்பியில், வேறொருவர் சைக்கிள் பந்தயத்தில். விழுந்த இடம்தான் வேறு. கேள்விகள் திரும்பத் திரும்ப அதேதான்.

நான் டாக்டர் இல்லை. எனக்கு நன்றாகத் தெரிந்தது தண்டுவடக் காயம் என்பதால் அதைப் பற்றியே அதிகம் பேசியிருக்கிறேன். பிள்ளைகள் கேட்டவற்றுக்கு 'நீ' என்றும் பெரியவர்கள் கேட்டவற்றுக்கு 'நீங்கள்' என்றும் பதில் எழுதியிருக்கிறேன்.

இதில் வயதுக்கு ஒரு தனிப் பங்கு உண்டு. பதின்வயது என்பது பிள்ளை பெற்றோரின் கையிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக விலகி வெளியே போகும் வயது. தானே குளித்து, தானே ஊர் சுற்றி, கதவைத் தாழிட்டுக்கொள்ளும் வயது. இந்த விபத்து அந்தப் பிள்ளையைத் தூக்கி மறுபடியும் அம்மா மடியில் கிடத்திவிடுகிறது. அங்கிருந்து திரும்ப இறங்கிப் போவது எப்படி என்பதுதான், யோசித்துப் பார்த்தால், கீழே உள்ள எல்லாக் கேள்விகளுக்கும் அடியில் இருக்கிறது.

நான் மறுபடியும் நடப்பேனா?

எல்லாரும் முதலில் கேட்பது இதைத்தான். நானும் கேட்டேன். "பார்க்கலாம்" என்றார்கள். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு மூன்று மாதம் கிடந்தேன்.

அடிபட்டவுடன் தண்டுவடம் செயலற்றுக் கிடக்கும். காயத்துக்குக் கீழே அனிச்சைச் செயல்கள்கூட அடங்கிப்போகும். இதை 'ஸ்பைனல் ஷாக்' என்பார்கள். சில நாளும் நீடிக்கலாம், சில வாரமும் நீடிக்கலாம். அதனால் முதல் நாள் சோதனையை வைத்து யாரும் அடித்துச் சொல்ல முடியாது. 72 மணி நேரம் கழிந்த பிறகு செய்யும் சோதனை ஓரளவு நம்பகமானது. பஞ்சாலும் ஊசிமுனையாலும் உடம்பு முழுக்கத் தொட்டுப் பார்ப்பார்கள். தசைகளின் வலுவுக்கு 0 முதல் 5 வரை மதிப்பெண் போடுவார்கள். கடைசியில் உனக்கு ஒரு இடமும் ஒரு எழுத்தும் கிடைக்கும்.

இடம் என்பது காயம் எந்த நரம்பின் உயரத்தில் இருக்கிறது என்பது. கழுத்தில் 8 ஜோடி நரம்புகள், மார்பில் 12, இடுப்பில் 5, அதற்குக் கீழே 5, அடியில் ஒன்று என்று மொத்தம் 31 ஜோடி. எழுத்து ஆங்கிலத்தின் ஏ (A) முதல் ஈ (E) வரை. ஏ என்றால் தண்டுவடத்தின் கடைசி நரம்புகள் வரை எந்தச் செய்தியும் போய்ச் சேரவில்லை, காயம் முழுமையானது. ஈ என்றால் சோதனையில் எல்லாம் இயல்பாக இருக்கிறது. ஏ எழுத்தோடு தொடங்கியவர்கள் மறுபடி நடப்பது அரிது. டி எழுத்தோடு தொடங்கியவர்களில் மிகப் பலர் நடக்கிறார்கள். உணர்வும் அசைவும் திரும்பி வருவதில் பெரும்பகுதி முதல் ஆறு மாதத்திலிருந்து ஓராண்டுக்குள் வந்துவிடும். அதற்குப் பிறகும் சிறு முன்னேற்றங்கள் உண்டு. ஆனால் வேகம் குறைந்துவிடும்.

எனக்கு சி6, ஏ. அதாவது கழுத்தில் ஆறாவது நரம்பு, முழுமையான காயம். அதை முதல் வாரமே அப்பாவிடம் சொல்லிவிட்டார்கள். என்னிடம் சொல்ல மூன்று மாதமானது. இதை எழுதும்போதுகூட எனக்குக் கோபம் வருகிறது. என் உடம்பைப் பற்றிய செய்தி என்னைத் தவிர எல்லாருக்கும் தெரிந்திருந்தது. தம்பி, தங்கை, உன் இடத்தையும் உன் எழுத்தையும் நீயே கேட்டுத் தெரிந்துகொள். அழுகை வரும். வரட்டும். தெரியாமல் கிடப்பதைவிட அது மேல்.

ஸ்டெம் செல் ஊசி போட்டால் சரியாகிவிடும் என்கிறார்களே?

பெற்றோர்களே, இதில் நான் கறாராகத்தான் பேசுவேன். அறுந்த அல்லது நசுங்கிய தண்டுவடத்தை மீண்டும் இயங்கவைக்கும் என்று நிரூபிக்கப்பட்ட ஸ்டெம் செல் சிகிச்சை இன்றைக்கு இல்லை. ஆராய்ச்சிகள் நடக்கின்றன. முறையான ஆராய்ச்சியில் சேர்பவரிடம் சிகிச்சைக்கென்று பெருந்தொகை கேட்பது வழக்கமில்லை. பணத்தை வாங்கிக்கொண்டு ஊசி போடுகிற இடங்கள் வேறு. அங்கே போட்டுக்கொண்ட ஊசியே நாளைக்கு ஒரு நல்ல ஆராய்ச்சியில் சேரமுடியாமல் செய்துவிடலாம். வீட்டை விற்றாவது பிள்ளையை நடக்கவைப்பேன் என்ற தவிப்பு எனக்குப் புரிகிறது. அந்தப் பணம் நல்ல வீல்சேருக்கும், நல்ல மெத்தைக்கும், அகலமான குளியலறைக் கதவுக்கும் தேவைப்படும்.

பயிற்சி என்றால் என்ன செய்வார்கள்?

இருக்கிற தசையைக்கொண்டு இல்லாத தசையின் வேலையைச் செய்யக் கற்றுத்தருவார்கள். என் கையையே சொல்கிறேன். சி6 காயத்தில் தோளும் முழங்கை மடக்குவதும் மணிக்கட்டை மேலே தூக்குவதும் இருக்கும். விரல்கள் அசையாது. ஆனால் உன் கையைத் தளரவிட்டு, மணிக்கட்டை மட்டும் மேலே தூக்கிப் பார். விரல்கள் தாமாகவே உள்ளே மடங்கும், கட்டைவிரல் ஆள்காட்டி விரலை நோக்கி வரும். தசைநார்களின் நீளத்தால் எல்லார் கையிலும் நடப்பதுதான் இது. இந்தச் சின்னப் பிடியை வைத்துத்தான் இன்றைக்கு நான் பல் தேய்க்கிறேன், கரண்டி பிடிக்கிறேன், இதைத் தட்டச்சு செய்கிறேன்.

வீட்டார் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பாசத்தில் பிள்ளையின் விரல்களை நீவி நீவி நிமிர்த்துவார்கள். மணிக்கட்டையும் விரல்களையும் ஒரே நேரத்தில் நிமிர்த்தி இழுத்தால் அந்த நார்கள் தளர்ந்துவிடும், பிடியும் போய்விடும். எதை நீட்ட வேண்டும், எதை இறுக்கமாக விட வேண்டும் என்று பிசியோதெரபிஸ்டிடம் கேட்டுக்கொண்டு செய்யுங்கள்.

உட்காருவதே ஒரு பாடம் என்று யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. பல வாரம் படுத்துக்கிடந்த உடம்பை நிமிர்த்தினால் ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கிக் கண் இருட்டும். கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்வை ஏற்றித்தான் பழக்குவார்கள். முதல் தடவை முழுதாக நிமிர்ந்து உட்கார்ந்தபோது எனக்கு எதிரே ஜன்னல் இருந்தது. அதுவரை கூரையை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தினமும் கட்டாயம் செய்ய வேண்டியது என்ன?

தோல், சிறுநீர், மலம். வெட்கப்படாமல் பேச வேண்டிய விஷயம் இது. ஒரு காலத்தில் தண்டுவடம் அடிபட்டவர்கள் பெரும்பாலும் ஓரிரு ஆண்டுகளில் இறந்துபோனார்கள். உயிரை எடுத்தவை படுக்கைப் புண்ணும் சிறுநீர்த் தொற்றும். 1944ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் டாக்டர் லுட்விக் குட்மன் தண்டுவடக் காயத்துக்கென்று ஒரு பிரிவைத் தொடங்கினார். நாஜி ஜெர்மனியிலிருந்து தப்பி வந்த நரம்பியல் மருத்துவர் அவர். நோயாளிகளை இரண்டு மணிக்கொரு தடவை, இரவும் பகலும், புரட்டிப் படுக்கவைக்கச் சொன்னார். அப்புறம் அவர்களை எழுப்பி உட்காரவைத்து விளையாடவும் விட்டார். அந்தக் கதையைப் பின்னால் சொல்கிறேன்.

தோல்: உணர்வில்லாத இடத்தில் அழுத்தம் விழுவது உனக்குத் தெரியாது. படுத்திருக்கும்போது நேரம் வைத்துப் புரள வேண்டும். வீல்சேரில் 15 முதல் 30 நிமிடத்துக்கு ஒரு தடவை முன்னால் குனிந்தோ பக்கவாட்டில் சாய்ந்தோ, ஒன்றிரண்டு நிமிடம் பிட்டத்திலிருந்து பாரத்தை எடுக்க வேண்டும். காலையும் இரவும் கண்ணாடி வைத்துப் பிட்டம், முதுகின் அடிப்பகுதி, குதிகால் மூன்றையும் பார். சிவந்த இடம் அரை மணி நேரத்தில் மறையவில்லை என்றால் அங்கே பாரம் போடாதே. ஒரு புண் உன்னை மாதக்கணக்கில் குப்புறப் படுக்கவைத்துவிடும். எனக்குப் பத்தொன்பது வயதில் அப்படி நான்கு மாதம் போனது. நண்பர்களோடு உட்கார்ந்த சுவாரஸ்யத்தில் ஒரு ராத்திரி முழுக்கச் சாயவே இல்லை, அவ்வளவுதான்.

சிறுநீர்: பலர் நான்கு முதல் ஆறு மணிக்கொரு தடவை மெல்லிய குழாயை உள்ளே விட்டுச் சிறுநீரை எடுத்துவிட்டுக் குழாயை வெளியே எடுத்துவிடுகிறார்கள். ஒரு தடவைக்கு 500 மில்லிக்கு மேல் சேரவிடக்கூடாது. முன்பெல்லாம் அறுவை அரங்குபோலக் கிருமி நீக்கித்தான் இதைச் செய்ய வேண்டும் என்றிருந்தது. கையைச் சுத்தமாகக் கழுவிச் செய்தாலே போதும் என்று 1972இல் அமெரிக்க மருத்துவர் ஜாக் லாபிடீஸ் காட்டினார். அதனால்தான் நர்ஸ் இல்லாமல் பள்ளிக்குப் போகலாம், பயணம் போகலாம். கை ஓடுமானால் இதை நீயே கற்றுக்கொள். உன் அம்மா செய்துவிடுகிற ஒவ்வொரு நாளும் உனக்குள் என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியும்.

மலம்: தினமும் அல்லது ஒருநாள் விட்டு ஒருநாள், அதே நேரத்தில், சாப்பிட்ட பிறகு. வயிறு நிறைந்தால் குடல் அசையும். அதைப் பயன்படுத்திக்கொள்வதுதான் சூட்சுமம். நேரம் படிந்துவிட்டால் தெரியாமல் உடையில் போய்விடுவது குறையும். முதல் சில மாதம் நேரம் படியாது, மானம் போய்விட்டதாக நினைக்காதே.

திடீரென்று தலை வெடிப்பது போல வலிக்கிறதே?

இந்தப் பதிலை வீட்டில் எல்லாரும் படியுங்கள். காயம் மார்பின் ஆறாவது நரம்பிலோ அதற்கு மேலோ இருந்தால், கீழே எங்கேயோ ஏற்படும் தொந்தரவை உடம்பு உணராமலே அதற்கு எதிர்வினை காட்டும். ரத்த அழுத்தம் கிடுகிடுவென ஏறும். தலைவலி, முகம் சிவத்தல், காயத்துக்கு மேலே வியர்த்துக்கொட்டுதல் எல்லாம் வரும். 'ஆட்டோனாமிக் டிஸ்ரெஃப்ளெக்ஸியா' என்று பெயர். கவனிக்காமல் விட்டால் மூளையில் ரத்தக்கசிவு வரை போகலாம்.

உடனே நிமிர்த்தி உட்காரவையுங்கள், படுக்கவைக்கக்கூடாது. கால்களைத் தொங்கவிடுங்கள். இறுக்கமான உடை, பெல்ட், ஷூ எல்லாவற்றையும் தளர்த்துங்கள். பிறகு சிறுநீர்ப்பை நிறைந்திருக்கிறதா, குழாய் எங்காவது மடங்கியிருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் காரணம் அங்கேதான். அடுத்து மலச்சிக்கல், அதற்கடுத்து தோல், நகம். சில நிமிடத்தில் இறங்கவில்லை என்றால் அவசர சிகிச்சைக்குப் போங்கள். இது எல்லா மருத்துவருக்கும் பழக்கமான விஷயமில்லை. அதனால் ஒரு அட்டையில் எழுதிப் பிள்ளையின் பையில் வைத்துவிடுங்கள். வழக்கமான ரத்த அழுத்த அளவையும் எழுதுங்கள். கழுத்துக் காயம் உள்ளவர்களுக்கு மேல் அளவே 90 முதல் 110 வரைதான் இருக்கும். மற்றவர்களுக்குப் பெரிதாகத் தோன்றாத 130 நமக்கு ஆபத்தாக இருக்கலாம்.

வளர்கிற உடம்பு என்பதால் தனியாக ஏதாவது பார்க்க வேண்டுமா?

ஆம். வளர்ச்சி முடிவதற்கு முன்பே அடிபட்டால், தாங்கிப் பிடிக்கத் தசையில்லாத முதுகெலும்பு பக்கவாட்டில் வளையும் வாய்ப்பு மிக அதிகம். வளர்ச்சி நிற்கும்வரை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். வீல்சேரும் பிள்ளையோடு வளர வேண்டும். இரண்டு ஆண்டுக்கு முன் அளவெடுத்த நாற்காலி இன்றைக்கு உடம்பைக் கோணலாக உட்காரவைக்கும்.

கால் எலும்புகள் பாரம் தாங்காமல் முதல் ஓரிரு ஆண்டுகளில் வேகமாக மெலியும். கட்டிலிலிருந்து மாறும்போது ஏற்படும் சின்னச் சறுக்கலில்கூட எலும்பு முறியலாம், வலியும் தெரியாது. கால் திடீரென்று வீங்கிச் சூடாக இருந்தால் காட்டிவிடுங்கள். தோள்களைப் பொறுத்தவரை, இனி அவைதான் உன் கால்கள். சக்கரத்தைக் குட்டிக் குட்டியாகத் தட்டாமல் நீளமாகத் தள்ளிப் பழகு.

எவ்வளவு உதவுவது? எதைச் செய்யாமல் விடுவது?

அம்மாக்கள் இதை என்னைத் தனியாகக் கூப்பிட்டுத்தான் கேட்கிறார்கள், பிள்ளை காதில் விழாமல். அதனால் என் வீட்டில் நடந்ததையே சொல்கிறேன்.

மருத்துவமனையிலிருந்து வந்த இரண்டாம் மாதம், சட்டையை நானே போட்டுக்கொள்கிறேன் என்றேன். அம்மா அறைவாசலில் நின்றார். இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். ஒரு கையை நுழைக்கும்போது மறு கை கழன்றது. தலை உள்ளே மாட்டிக்கொண்டது. ஒருதரம் பக்கவாட்டில் சரிந்து கட்டிலில் விழுந்தேன். அம்மா வந்து நிமிர்த்தி உட்காரவைத்துவிட்டு, சட்டையைத் தொடாமல், மறுபடி வாசலுக்குப் போய்க் கைகளைக் கட்டிக்கொண்டார். நாற்பது நிமிடத்துக்கு மேல் ஆனது. இன்றைக்கு அதே சட்டைக்கு எனக்கு நான்கு நிமிடம் போதும். எனக்காக அம்மா செய்த எல்லாவற்றிலும் மிகப் பெரியதாக நான் நினைப்பது, அந்த நாற்பது நிமிடம் எதுவும் செய்யாமல் நின்றதைத்தான்.

எல்லா நாளும் அப்படி நிற்க வேண்டும் என்று சொல்லமாட்டேன். பள்ளிக்கு நேரமாகும் நாளில் நீங்களே மாட்டிவிடுங்கள், சக்தியைப் பாடத்துக்கு மிச்சம்பிடிக்கட்டும். எந்த உதவி வேண்டும் என்று பிள்ளை சொல்லட்டும். கையால் செய்யமுடியாத வேலையைக்கூட வாயால் நடத்தலாம். "முதலில் வலது காலைத் தூக்குங்கள், இப்போது தலையணையை வையுங்கள்" என்று பிள்ளை சொல்ல, நீங்கள் செய்கிறீர்கள். கழுத்துக்குக் கீழே ஒன்றுமே அசையாத பிள்ளைக்கும் இது முடியும். அறைக்குள் கதவைத் தட்டிவிட்டு நுழையுங்கள். டாக்டர் உங்களைப் பார்த்துப் பேசினால், "அவளிடமே கேளுங்கள்" என்று சொல்லுங்கள்.

யாரிடமும் பேசமாட்டேன் என்கிறான். எரிந்து விழுகிறான். பயமாக இருக்கிறது.

விளையாட்டுப் பிள்ளைக்கு உடம்புதான் அடையாளம். 'பந்து வீசுபவன்', 'வேகமாக ஓடுபவள்' என்று பெயர் வாங்கியவர்கள். அது ஒரே நொடியில் போனதற்குத் துக்கம் கொண்டாடாமல் இருக்க முடியாது. கோபம் வரும் நாளும் உண்டு, சுவரைப் பார்த்துக் கிடக்கும் நாளும் உண்டு. "தைரியமாக இரு, நீ ஜெயிப்பாய்" என்பதை மட்டும் தயவுசெய்து குறைத்துக்கொள்ளுங்கள். அதைக் கேட்கும்போதெல்லாம், அழ எனக்கு அனுமதி இல்லை என்றுதான் எனக்குப் பட்டது. பக்கத்தில் உட்கார்ந்து ஒன்றும் பேசாமல் ஒரு ஆட்டம் பார்ப்பது எவ்வளவோ மேல். ஆட்டம் பார்க்கவே பிடிக்கவில்லை என்றால் அதையும் விடுங்கள்.

ஆனால் வாரக்கணக்கில் தூக்கமும் பசியும் போய், சிகிச்சையையும் மறுத்து, "நான் இருந்து என்ன பயன்" என்ற பேச்சு வந்தால் காத்திருக்காதீர்கள். சாக வேண்டும் என்று தோன்றுகிறதா என்று நேரடியாகவே கேளுங்கள். கேட்டால் அந்த எண்ணம் முளைத்துவிடும் என்ற பயம் வேண்டாம். ஒருவர் கேட்டுவிட்டாரே என்ற நிம்மதிதான் பெரும்பாலும் வரும். மாத்திரை, கயிறு, கத்தி போன்றவற்றை எட்டாத இடத்தில் வையுங்கள், தனியாக விடாதீர்கள், மனநல மருத்துவரை அன்றைக்கே பாருங்கள். தம்பி, நீயே இதைப் படித்துக்கொண்டிருந்தால், இன்றைக்கே ஒரு பெரியவரிடம் சொல்லிவிடு. எனக்கும் அப்படி ஒரு குளிர்காலம் இருந்தது. இரவுப்பணி நர்ஸ் ஒருவரிடம்தான் முதலில் சொன்னேன்.

இன்னொன்று: கழுத்து முறியும் அளவுக்கு அடி விழுந்தால் மூளையும் குலுங்கியிருக்கலாம். தண்டுவடத்தைக் கவனிக்கும் அவசரத்தில் அது தவறிவிடும். மறதி, கவனச் சிதறல், காரணமில்லாத எரிச்சல் நீடித்தால் தலைக் காயத்துக்கும் சோதிக்கச் சொல்லுங்கள்.

நண்பனைப் பார்க்கப் போகிறோம். என்ன பேசுவது?

எப்போதும் பேசுவதையே. யார் யாரோடு சண்டை, எந்த ஆசிரியர் மாறிப்போனார், எந்தப் படம் மொக்கை. அவனுக்கு வேண்டியது வெளியுலகம், அனுதாபம் அறை முழுக்க ஏற்கெனவே நிறைந்திருக்கிறது. கேட்காமல் வீல்சேரைத் தள்ளாதே, அதன் மேல் சாயாதே, அது அவன் உடம்பின் பகுதி. நாற்காலி இழுத்துப்போட்டு உட்கார்ந்து பேசினால் அவன் கழுத்துக்கு வலிக்காது. இரண்டாம் முறையும் போ. முதல் வாரம் நாற்பது பேர் வந்தார்கள் எனக்கு. ஆறாம் மாதம் மூன்று பேர்.

என்னால்தான் அவள் விழுந்தாள் என்று தோன்றுகிறது.

பயிற்சியாளர்களும் கூட விளையாடியவர்களும் சொல்வது இது. அன்று கரையில் நின்று "குதிடா" என்று கத்தியவன் என் உயிர் நண்பன். இரண்டு ஆண்டு என் முகத்தில் விழிக்கவில்லை. அவன் வராததுதான் எனக்கு வலித்தது, அவன் கத்தியது இல்லை. போய்ப் பாருங்கள். மன்னிப்புக் கேட்கத் தோன்றினால் ஒருமுறை கேளுங்கள், பதிலை வற்புறுத்தாதீர்கள். உங்கள் குற்றவுணர்ச்சிக்கு அந்தப் பிள்ளை ஆறுதல் சொல்லும் நிலை வரக்கூடாது. உண்மையிலேயே பாதுகாப்பில் குறை இருந்தால் அதைத் திருத்துங்கள். ஆழம் எழுதப்படாத குளம், விரிப்பு இல்லாத தரை, அடிபட்டவரை ஆளாளுக்குத் தூக்கும் பழக்கம் எல்லாம் அடுத்த பிள்ளைக்கும் காத்திருக்கின்றன. கழுத்தில் அடி என்று சந்தேகம் வந்தாலே தலையை அசைக்காமல் பிடித்துக்கொண்டு, பயிற்சி பெற்றவர்கள் வரும்வரை இருந்த இடத்திலேயே வைத்திருக்க வேண்டும்.

பள்ளிக்கு எப்போது போகலாம்?

உட்காரும் நேரம் கூடியவுடன். முழு நாளும் முடியும்வரை காத்திருக்காதே, இரண்டு மணி நேரத்தில் தொடங்கு. பெற்றோரும் பள்ளியும் முன்கூட்டியே பார்க்க வேண்டியது: வகுப்பைத் தரைத்தளத்துக்கு மாற்றமுடியுமா, மேசைக்கு அடியில் முட்டி நுழையுமா, கழிப்பறைக்குள் நாற்காலி திரும்புமா, எழுதக் கூடுதல் நேரமோ கணினியோ கிடைக்குமா. சாய்தளத்துக்கு வழக்கமான கணக்கு ஒன்றுக்குப் பன்னிரண்டு. அதாவது 10 செ.மீ. உயரப் படிக்கு 120 செ.மீ. நீளச் சாய்வு. நாற்காலி முழுதாகத் திரும்ப ஏறக்குறைய 150 செ.மீ. வட்டம் வேண்டும். செலவில் பெரியது இவற்றில் ஒன்றிரண்டுதான், மற்றவை மனம் இருந்தால் ஒரு வாரத்தில் ஆகிவிடும்.

"அவனுக்குச் சிரமம், வீட்டிலேயே படிக்கட்டும்" என்று கனிவோடு சொல்லும் பள்ளிகள் உண்டு. அது கனிவு இல்லை. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் குறித்து 2006இல் ஐ.நா. சபை ஏற்ற உடன்படிக்கையின் 24ஆம் பிரிவு, மற்ற பிள்ளைகளோடு சேர்ந்து படிப்பதை உரிமை என்கிறது. அதை எழுதிக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள்.

இனி விளையாட்டு அவ்வளவுதானா?

இல்லவே இல்லை. அந்தக் கதை இதோ. 1948 ஜூலை 29, லண்டன் ஒலிம்பிக்ஸ் தொடங்கிய அதே நாளில், குட்மன் தம் மருத்துவமனைப் புல்வெளியில் 16 பேரை வைத்து வில்வித்தைப் போட்டி நடத்தினார். போரில் அடிபட்டு வீல்சேருக்கு வந்த ஆண்களும் பெண்களும். பன்னிரண்டு ஆண்டு கழித்து, 1960இல், ரோமில் 23 நாடுகளிலிருந்து 400 வீரர்கள் கூடினார்கள். பாராலிம்பிக்ஸ் அப்படித்தான் பிறந்தது.

1976இல் பிராட் பார்க்ஸ் என்ற 18 வயது அமெரிக்க இளைஞர் பனிச்சறுக்கில் விழுந்து கால்கள் செயலிழந்தார். பயிற்சிக் காலத்திலேயே வீல்சேரிலிருந்து டென்னிஸ் ஆடிப் பார்த்தார். பந்து இரண்டு முறை தரையில் படலாம் என்ற ஒரே ஒரு விதியைத் தவிர மற்றதெல்லாம் அதே டென்னிஸ். 1992 பார்சிலோனாவில் அது பாராலிம்பிக் பதக்கப் போட்டியானது. பெத்தனி ஹாமில்டனுக்கு 13 வயதில், 2003 அக்டோபர் 31 அன்று, அலைச்சறுக்கில் இருந்தபோது சுறா இடக்கையைத் துண்டித்தது. ஒரு மாதத்துக்குள் மறுபடி பலகையில் ஏறினார். அவரைப் போல ஒரு மாதத்தில் திரும்பு என்று யாராவது உன்னிடம் சொன்னால் காதில் வாங்காதே. அது அவர் வேகம்.

என் போலக் கைகளும் பாதிக்கப்பட்டவர்களுக்காக 1977இல் கனடாவின் வின்னிபெக்கில் வீல்சேர் ரக்பி உருவானது. ஒவ்வொருவருக்கும் உடலியக்கத்தைப் பொறுத்து 0.5 முதல் 3.5 வரை புள்ளி, களத்தில் உள்ள நால்வரின் கூட்டுத்தொகை 8ஐத் தாண்டக்கூடாது. என் புள்ளி குறைவு. அதாவது குறைவாக அசைகிற ஒருவன் இல்லாமல் அணியே இறங்க முடியாது! இதை முதலில் புரிந்துகொண்ட நாள் எனக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. கை கால் இரண்டும் மிகவும் குறைவாக அசைபவர்களுக்கு 'போச்சா' (boccia) என்ற பந்தாட்டம் இருக்கிறது, சாய்தளக் குழலில் பந்தை உருட்டி ஆடலாம்.

தொடங்குமுன் டாக்டரிடம் கேள். கழுத்துக் காயம் என்றால் காயத்துக்குக் கீழே வியர்க்காது, உடம்பு சூடேறிவிடும். தண்ணீர் தெளிப்பானைக் கையோடு வைத்துக்கொள். விளையாடப் பிடிக்கவில்லை, வரையப் போகிறேன் என்கிறாயா? சரி, வரை. யாருக்கும் நீ ஊக்கக் கதையாக இருக்க வேண்டிய கடமை இல்லை.

காதல், கல்யாணம், குழந்தை?

எல்லாம் நடக்கிறது, என் நண்பர்கள் பலருக்கு நடந்திருக்கிறது. பெண்களுக்கு மாதவிடாய் சில மாதம் நின்றுவிட்டு வழக்கமாகத் திரும்பிவிடும். பிற்காலத்தில் தாயாகும் திறன் பெரும்பாலும் பாதிக்கப்படுவதில்லை. ஆண்களுக்குத் தந்தையாவதற்கு மருத்துவ உதவி தேவைப்படலாம், அந்த உதவி இருக்கிறது. உன் சொந்த நிலையை டாக்டரிடம் தனியாகக் கேள். பெற்றோர்களே, அந்தப் பத்து நிமிடம் அறையைவிட்டு வெளியே போய்விடுங்கள்.

கூடப் பிறந்தவர்களை எப்படிப் பார்த்துக்கொள்வது?

வாரத்தில் ஒரு நாளாவது விபத்தைப் பற்றிப் பேசாமல் அவர்களோடு மட்டும் இருங்கள். என் தங்கையின் பள்ளி விழாவுக்கு இரண்டு ஆண்டு யாருமே போகவில்லை என்பது எனக்குப் பிற்பாடுதான் தெரியவந்தது. உதவி செய்யும் ஆளாக அவர்களை மாற்றிவிடாதீர்கள்.

நீங்கள் மறுபடியும் தண்ணீரில் இறங்கினீர்களா?

பிள்ளைகள் கடைசியில் இதைக் கேட்கிறார்கள். நான்கு ஆண்டு இறங்கவில்லை. குளோரின் வாசனை வந்தாலே வயிறு கலங்கும். பயிற்சியாளர் ஒருவர் பல தடவை கூப்பிட்டார், வேண்டாம் என்றேன், அவரும் விட்டுவிட்டார். இருபது வயதில் ஒரு நாள் நானாகத்தான் போனேன். கழுத்துக்கு மிதவை கட்டி, இருவர் பிடித்துக்கொள்ள, மல்லாந்து படுத்தேன். காது தண்ணீருக்குள் போனதும் சத்தமெல்லாம் அடங்கியது. கைகளை விடச் சொன்னேன். விட்டார்கள்.

இப்போது வாரத்தில் இரண்டு நாள் நீந்துகிறேன், மல்லாந்தபடியே, தோள்களை வைத்து. ஒரு நீளத்துக்கு ஆறு நிமிடம் ஆகும். ஒவ்வொரு தடவையும் இறங்குவதற்கு முன் அந்த இடத்தில் ஆழம் எவ்வளவு என்று கேட்டுவிடுகிறேன்.